தகர டின்னுல கெடைச்ச மிக்கி, பாப்பாய் பேட்ஜ்: கழுவலாமா, விக்கலாமா?

பள்ளத்தூரான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு ரெண்டாம் கட்டுக்கு மேல ஒரு சாமான் ரூம் இருக்கு, வருசக்கணக்கா பூட்டியே கெடந்துச்சு, இப்ப பங்காளிக எல்லாரும் கூடி பிரிச்சுக்குவோம்னு தொறந்தோம். பித்தளை, எனாமல் தூக்கு, தாம்பாளம் எல்லாத்துலயும் பேரு வெட்டியிருக்கறதால யாரு பங்குன்னு பெருசா பேச்சு வரல. கடைசில ஒரு ஹன்ட்லி பாமர்ஸ் பிஸ்கட் டின்னு. தொறந்தா உள்ள சட்டைல குத்திக்கிற வட்ட பேட்ஜுக, முப்பது நாப்பது இருக்கும். மிக்கி மவுஸ் ரெண்டு, பாப்பாய், சூப்பர்மேன், பேட்மேன், ஒரு கருப்பு பூனை, மஞ்சக்கலர் சிரிக்கிற மூஞ்சி, அப்பறம் எனக்கு அடையாளமே தெரியாத தொப்பிக்காரங்க சில பேரு. யாருக்கும் வேணாம்னு என் தலைல கட்டிட்டாங்க, எனக்கு சந்தோசந்தான்.

எங்க ஐயா பினாங்கு கிட்டங்கில (நம்மாளுக அங்க தங்கி தொழில் பாத்த எடம்) இருந்தவரு. சித்தப்பா ஒருத்தரு எழுபதுகள்ல கப்பல் வேலைல ஊர் ஊரா சுத்துனாரு. ரெண்டு பேருல யாரு சேர்த்ததுன்னு சொல்ல இப்ப வீட்ல ஆள் இல்ல. சிலதுல துரு ஏறியிருக்கு, சிலதுல படத்துக்கு அடில பழுப்பு புள்ளி புள்ளியா இருக்கு. காரைக்குடில ஒரு பழைய சாமான் கடைல காட்டுனேன், எண்ணிக்கூட பாக்காம டின்னோட மூவாயிரம்ன்னாரு. எப்படி சுத்தம் பண்றது, ஒரிஜினலா டூப்பான்னு எப்படி கண்டுபிடிக்கிறது, மூவாயிரம் நியாயமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாமான் பிரியன்:

அண்ணே இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை, புளியக் கரைச்சு ராத்திரி ஊறப்போட்டு காலைல சாம்பல் போட்டு தேய்ங்க, எங்க அப்பத்தா குத்துவிளக்குக்கெல்லாம் அதான் பண்ணுவாங்க, பளபளன்னு ஆயிரும். கடைசியா துளி தேங்கா எண்ணெய் தடவி வைங்க, துரு ஏறாது.

நியூஜெர்சி நகரத்தான்:

ஐயோ சாமி, தண்ணிலயே போட்றாதீங்க!! புளி பித்தளைக்கு சரி, இதுக்கு எமன். பழைய பேட்ஜுல பாதி என்ன அமைப்புன்னா, அடில ஒரு இரும்புத் தகடு, அதுமேல படம் அச்சடிச்ச பேப்பர், அதுமேல கண்ணாடி மாதிரி செல்லுலாய்டு, மூணையும் சேத்து பின்னாடி ஒரு வளையத்தால இறுக்கியிருப்பான், அந்த வளையத்துக்குள்ளதான் ஊக்குக் கம்பி வளைஞ்சு நிக்கும். ஓரத்து வழியா ஒரு சொட்டு தண்ணி போனாலும் தகடு துருப்பிடிச்சு பேப்பர்ல கறையா ஊறும். நீங்க சொல்ற பழுப்பு புள்ளி அதேதான். அது கண்ணாடிக்கு அடில இருக்கு, மேல எவ்ளோ தேய்ச்சாலும் போகாது. காஞ்ச மெல்லிசு பருத்தித் துணியால தூசிய மட்டும் தட்டுங்க, அதோட நிறுத்திக்கங்க. எண்ணெயும் வேணாம், அதுவும் பேப்பருக்குள்ள இறங்கும்.

இன்னொரு வகை இருக்கு, தகரத்து மேலயே நேரா அச்சடிச்சது. கீறல் விழுந்த எடத்துல வெள்ளியா தகரம் தெரிஞ்சா இந்த வகை. அதுல துரு வந்தா மேல் பெயிண்டோட சேந்துதான் உரியும், அதனால அதையும் சொறண்டாதீங்க.

நான் இருக்கறது நேவார்க் பக்கத்துல. செல்லுலாய்டு பேட்ஜ பெருவாரியா செய்ய ஆரம்பிச்ச வைட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி இந்த ஊர்தான். 1896-ல மெக்கின்லிக்கும் பிரையனுக்கும் நடந்த ஜனாதிபதி எலெக்‌ஷன்ல அமெரிக்கா பூரா இந்த பேட்ஜுதான் நெஞ்சுல. அதே வருசமே எல்லோ கிட்னு ஒரு பேப்பர் கார்ட்டூன் பையன் படத்த ஹை அட்மிரல் சிகரெட்டுக்கு விளம்பரமா பேட்ஜு போட்டாங்க, அதாவது கட்சிக்காரன் குத்துன அதே வேகத்துல கார்ட்டூனும் சட்டைல ஏறிருச்சு. வைட்ஹெட் பேட்ஜ திருப்புனா உள்ள ஒரு காயிதம் ஒட்டியிருக்கும், கம்பெனி பேரும் 1894, 1896னு பேட்டன்ட் தேதியும் இருக்கும். அதப் பாத்துட்டு 1896-ல செஞ்சதுன்னு நம்பி ஏமாந்தவங்க நெறையப் பேரு, அதே தேதிய போட்டு பல வருசம் செஞ்சுக்கிட்டே இருந்தாங்க.

அதனால முன்னாடி படத்த விடுங்க, ஒவ்வொண்ணையும் திருப்பி முதுகயும் ஓரத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்க. ஓரத்து வளைவுல லென்ஸ் வச்சாத்தான் தெரியற அளவுக்கு பொடி எழுத்துல கம்பெனி பேரு, காப்பிரைட் இருக்கும். மிக்கில "வால்ட் டிஸ்னி எண்டர்பிரைசஸ்"னு இருந்தா முப்பதுகள். "வால்ட் டிஸ்னி புரொடக்‌ஷன்ஸ்"னு இருந்தா 1939 வாக்குலேருந்து எண்பதுகள் வரைக்கும் எப்ப வேணா இருக்கலாம். வெறும் டிஸ்னின்னோ டிஸ்னி கம்பெனின்னோ இருந்தா 1986-க்கு பெறகு வந்த சரக்கா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கண்ணையும் பாருங்க, பழைய மிக்கிக்கு கருப்புக் கண்ணுல அப்பளத்த ஒரு கடி கடிச்ச மாதிரி வெட்டு இருக்கும்.

கோட்டையூர் ஆச்சி:

தம்பி, நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் லைப்ரரில பழைய பேப்பர், பிலிமோட மல்லுக்கட்டுனவ, அதனால வைக்கிற விதத்தப் பத்தி மட்டும் சொல்றேன். செல்லுலாய்டுங்கறது நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்த்து செஞ்ச பொருள். பேட்ஜு மூஞ்சிய வெரல்ல லேசா தேய்ச்சு மோந்து பாருங்க, கற்பூர வாசம் அடிச்சா செல்லுலாய்டுதான். சில வீடியோல சூடு ஊசியால குத்தி பாருங்கன்னு சொல்றானுக, அதுமட்டும் பண்ணிராதீங்க, பழைய சினிமா பிலிம் குப்புன்னு பத்துனது இதே ஜாதிச் சரக்குனாலதான். சாமி ரூம் விளக்குப் பக்கத்துலயும் வைக்காதீங்க.

அந்த பிஸ்கட் டின்ன இறுக்கி மூடியே வைக்கறது நல்லதில்ல. செல்லுலாய்டு கெட ஆரம்பிச்சா அமில வாடை விடும், அது வெளிய போக வழியில்லன்னா அந்த செல்லுலாய்டையும் அரிக்கும், பக்கத்துல இருக்கற தகரத்தையும் அரிக்கும். எதாவது பிசுபிசுன்னு இருந்தாலோ மேல சிலந்திவலை மாதிரி வெடிப்பு இருந்தாலோ அத மட்டும் தனியா எடுத்துருங்க, கூட இருந்தா மத்ததும் கெடும். அமிலமில்லாத பேப்பர்ல ஒவ்வொண்ணா சுத்தி அட்டைப் பெட்டில வைங்க. சட்டைப்பை மாதிரி இருக்கற பிவிசி பிளாஸ்டிக் ஆல்பம் வேணாம், நாளாக நாளாக ஒட்டிக்கும். பாச்சா உருண்டையும் போடாதீங்க. நம்ம பக்கம் வருசத்துல பாதி வறண்ட வெயில்தான், ஆனா ஐப்பசி கார்த்திகை மழைக்கு அந்த மேல் ரூமு செவுரே வேர்க்கும், அப்ப மட்டும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டு ரெண்டு போட்டு கீழ் முகப்புப் பக்கம் கொண்டாந்துருங்க.

மாயாவி ரசிகன்:

அடையாளம் தெரியாத தொப்பிக்காரங்க போட்டோவ சீக்கிரம் போடுங்க பாஸ், கை அரிக்குது. சின்னதா ரெண்டு சென்டிமீட்டர் அகலத்துல, முதுகுல கெல்லாக்ஸ் பெப்னு எழுதியிருக்கா? அப்படி இருந்தா அது 1945-லேருந்து கொஞ்ச வருசம் பெப்ங்கற காலைச் சாப்பாட்டு தானிய அவல் டப்பாக்குள்ள இலவசமா போட்டது, மொத்தம் 86 வகை. சூப்பர்மேன் ரேடியோ நாடகத்துக்கு பெப் தான் ஸ்பான்சர், அதனால ஒவ்வொரு செட்டுலயும் சூப்பர்மேன் உண்டு, அதனாலயே அது ஏராளமா கெடைக்கும். தொப்பிக்காரரு மஞ்சத் தொப்பின்னா டிக் ட்ரேசியா இருக்கும். அந்த வரிசைல பேண்ட்டம் இருக்காரு தெரியுமா, நம்ம ராணி காமிக்ஸ்ல மாயாவின்னு படிச்சோமே அவரேதான், லீ ஃபால்க் 1936-ல ஆரம்பிச்ச கதை. முத்து காமிக்ஸ் 1972-ல இரும்புக்கை மாயாவிய வச்சு தொடங்குனாங்களே அது வேற ஆளு, அத வச்சு எங்க செட்டுல இன்னமும் அடிதடி நடக்கும். பெப்புல தேடி அலையறவங்க அதிகம் பேண்ட்டமுக்கும் பெலிக்ஸ் பூனைக்கும். உங்க கருப்பு பூனை யாருன்னு பாருங்க!

மஞ்ச சிரிப்பு மூஞ்சிக்கு ரொம்ப ஆசப்படாதீங்க. 1963-ல ஹார்வி பால்னு ஒரு ஓவியர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக 45 டாலருக்கு வரைஞ்சது, அவரு உரிமைய பதிவே பண்ணல, எழுபதுகள் தொடக்கத்துல ஆளாளுக்கு கோடிக்கணக்குல அடிச்சு வித்தாங்க. கெடைக்காத எடமே இல்ல.

முனீஸ்வரன் கோவில் தெரு:

நானும் அதே தொழில்தான், உங்களுக்கு மூவாயிரம் சொன்ன கடை நான் இல்ல. எங்க பக்கத்தையும் கேளுங்க. எங்க கடைக்கு வர்றவங்க தேடறது மரத்தூண், கதவு, தஞ்சாவூர் படம், சுவீடன் எனாமல் கேரியரு, ரவிவர்மா பிரிண்ட்டு. பேட்ஜு கேட்டு வர்றவங்க வருசத்துக்கு ஒருத்தரு ரெண்டு பேரு, அவங்களும் எம்ஜிஆர் ரசிகர் மன்ற பேட்ஜு, உதயசூரியன் பேட்ஜு இருக்கான்னுதான் கேப்பாங்க. பாப்பாய வச்சுக்கிட்டு நான் எத்தன வருசம் காத்திருக்கறது? அதான் ஒவ்வொண்ணா பாக்காம மொத்த லாட்டா வெல சொல்லுவோம். உண்மைய சொன்னா டின்னுக்கே எங்ககிட்ட ஆள் இருக்கு, பேட்ஜ எடுத்துட்டு டின்ன மட்டும் குடுத்தாலும் வாங்குவேன்.

டூப் விசயத்துல நகரத்தான் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. எங்க தெருவுலயே புது எனாமல் போர்ட ஆசிட் ஊத்தி பழசாக்கி விக்கறது உண்டு, அந்த கண்ணோட பாருங்க. நெசத் துரு ஓரத்துலயும் ஊக்கு உரசுற எடத்துலயும் மொதல்ல வரும். மூஞ்சி பூரா ஒரே சீரா பழுப்படிச்சு, ஊக்கு மட்டும் புத்தம்புதுசா மின்னுனா சந்தேகப்படணும். படத்த லென்ஸ்ல பாத்தா பழைய அச்சுல கோடு திட்டமா, கலரு கெட்டியா இருக்கும், ஸ்கேன் பண்ணி அடிச்சதுல கோட்டோட ஓரமே புகைஞ்சாப்புல பொடிப்பொடியா தெரியும்.

பள்ளத்தூரான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நல்லவேளை புளி வாங்க ஆள் அனுப்பல. வைர நகை பாக்குற லென்ஸ் எங்க ஆத்தா பெட்டில இருந்துச்சு, அத வச்சு ராத்திரி பூரா உக்காந்து பாத்தேன். மிக்கி ரெண்டுல ஒண்ணு வெட்டுக் கண்ணு, ஓரத்துல எண்டர்பிரைசஸ்னே இருக்கு, தேய்ச்சா கற்பூர வாசம் வருது. இன்னொண்ணு புரொடக்‌ஷன்ஸ், கண்ணுல வெள்ளை இருக்கு. பொடிசா இருக்கறது எட்டு, எல்லாத்துக்கும் முதுகுல பெப்னு இருக்கு, பூனையும் அதுல சேத்தி, பேண்ட்டம் இல்ல (மாயாவி ரசிகன் மன்னிக்கணும்). பேட்மேன்ல 1966னு போட்டிருக்கு. பெரிய சூப்பர்மேன் ஒண்ணுக்கு முதுகு பூரா மூடுன பளபளா தகடு, பிளாஸ்டிக் வாசம். மஞ்ச மூஞ்சி நாலு. இப்ப இது ஐயா சேர்த்ததா சித்தப்பா சேர்த்ததா?

நியூஜெர்சி நகரத்தான்:

எனக்கென்னமோ ரெண்டு பேரு கையும் கலந்து கெடக்குன்னு படுது. வெட்டுக் கண்ணு மிக்கி முப்பதுகள்ல வந்தது, அது ஐயா கிட்டங்கில இருந்த காலத்துக்கு ஒத்துப்போகுது. பெப் பேட்ஜு அமெரிக்காக்காரன் காலைச் சாப்பாட்டு டப்பாக்குள்ள வந்தது, அது பினாங்குக்கு தானா போயிருக்கும்னு நெனைக்க எனக்கு மனசு வரல, இங்க எதாவது துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் கடைல உங்க சித்தப்பா மொத்தமா அள்ளியிருப்பாரு. பேட்மேன் டிவி சீரியல் 1966-லதான் வந்துச்சு, மஞ்ச மூஞ்சி எழுபது, அதெல்லாம் அவரு கணக்கு. மூடுன முதுகு சூப்பர்மேன் அதுக்கும் பின்னாடி யாரோ டின்னுக்குள்ள போட்டது, அத கொழந்தைக்கு குடுத்துருங்க.

வெலைன்னு பாத்தா சாதாரண பெப் இங்க அஞ்சு பத்து டாலருக்கே கெடைக்கும், பூனைக்கு அதவிட கூட. வெட்டுக் கண்ணு மிக்கிய நெலமைய நேர்ல பாக்காம வெல சொல்றவன நம்பாதீங்க, என்னையும் சேத்து. மூவாயிரத்துக்கு மொத்தமா தூக்கிக் குடுக்காதீங்க, அவ்ளோதான். வேற ஒண்ணு, டின்னுக்குள்ள கடுதாசி, கப்பல் ரசீது, கிட்டங்கி விலாசம் எழுதுன துண்டுக் காயிதம் எதாவது இருந்தா குப்பைனு போட்றாதீங்க, எந்த பேட்ஜு எதுகூட கெடந்துச்சுன்னு போட்டோ எடுத்து வைங்க. அந்த காயிதம் கூட இருந்தா மிக்கிக்கு மவுசே வேற.

முனீஸ்வரன் கோவில் தெரு:

டின்ன பத்தி சொல்லவேயில்லையே தம்பி. மூடில சித்திரம் அழியாம இருக்கா?

பள்ளத்தூரான்:

டின்ன தர்ற மாதிரி இல்லண்ணே. உள்ள அடில ஒரு மலாய் ஸ்டாம்ப் ஒட்டுன கவர் இருக்கு, விலாசம் பாதி கிழிஞ்சிருக்கு, பினாங்குங்கறது மட்டும் தெரியுது. போட்டோ நாளைக்கு போடறேன்.

கோட்டையூர் ஆச்சி:

கவர பிரிச்சு நிமித்தாதீங்க தம்பி, மடிப்புல ஒடிஞ்சிரும், அப்படியே ரெண்டு காயிதத்துக்கு நடுவுல வைங்க. அப்பறம், யாருக்கும் வேணாம்னு குடுத்த டின்னுன்னு சொன்னீங்கள்ல, இந்த பேச்ச உங்க பங்காளிகளும் படிப்பாங்க. அவங்க படிக்கறதுக்குள்ள ஒரு தாள்ல எழுதி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிருங்க.