பனங்கொட்டை, தோட்டக்காட்டான், தீவான்: கொழும்புக்கு வந்தபோது உங்களுக்கு என்ன பெயர் கிடைத்தது?

ஹட்டன்காரன்:

கொழும்புக்குப் பிழைக்க வந்த எல்லோரிடமும் கேட்கிறேன். வந்த புதிதில் உங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? சிங்கள ஆட்கள் சொன்னதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். நம் ஆட்கள் நமக்கு வைத்த பெயர்களைச் சொல்லுங்கள்.

நானே தொடங்குகிறேன். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் சிலர் ஏற்கெனவே அங்கே இருந்ததால் படுக்க இடம் கிடைத்தது. கடையில் நான் "மலைநாட்டுப் பெடியன்". அதில் எனக்குக் கோபமே இல்லை, மலைநாட்டில் இருந்துதானே வந்தேன். கோபம் வந்தது கல்யாணமாகி வீடு தேடியபோது. ஓரளவு நல்ல வேலை, கையில் முற்பணம், வெள்ளவத்தையில் அனெக்ஸ் ஒன்று காலி என்று கேள்விப்பட்டுப் போன் எடுத்தேன். அந்த அம்மா அன்பாகத்தான் பேசினார்.

"சொந்த இடம் எது தம்பி?"

"ஹட்டன் அம்மா."

"டவுனோ, தோட்டமோ?"

தோட்டம் என்றேன். "அப்ப நான் இவரிட்டக் கேட்டுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார். இவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

தோட்டக்காட்டான் என்று அவர் வாயால் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இதைவிட மோசமான பெயரை எங்கள் தாத்தா காலத்தில் கேட்டிருக்கிறார்கள்: கள்ளத்தோணி. கூலி பிடித்துக் கூட்டிவந்து காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் போடவைத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் நாடே இல்லாதவர்களாக நின்றார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சப் பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்கள். தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அங்கே அவர்களுக்குப் பெயர் "சிலோன்காரன்". இங்கே மிஞ்சிய நாங்கள் "இந்தியாக்காரன்", "வடக்கத்தியான்". நாடற்றவர் என்ற கணக்கை முடித்து வைக்க 2003 வரை சட்டம் போடவேண்டியிருந்தது. இதெல்லாம் தெரிந்தவர்களும் "டவுனோ, தோட்டமோ" என்று கேட்பதுதான் எரிச்சல்.

கோண்டாவில்:

அந்த அம்மாவுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை, எங்கள் ஆட்களிடம் அந்தக் குணம் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், யாழ்ப்பாணத்தானுக்கும் அந்த விசாரணை உண்டு. சாதியை நேரே கேட்க முடியாத இடத்தில் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம், கோயில் எது, இன்னாரைத் தெரியுமா என்று அடுத்தடுத்து வரும். மூன்றாவது கேள்வியில் ஆளை நிறுத்துப் பார்த்துவிடுவார்கள்.

எனக்குக் கிடைத்த பெயர் பனங்கொட்டை, பனை ஊர்க்காரன் என்று யாழ்ப்பாணத்தானைச் சீண்டும் பெயர். யுத்தக் காலத்தில் வெளிநாட்டு அலுவலாக வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் மாதக்கணக்கில் கிடந்தேன். கீழே ஒரு தேத்தண்ணிக் கடை, அங்கே கெஷியராக இருந்தவன் பண்டாரவளைப் பெடியன். நான் படியிறங்கினாலே "பனங்கொட்டைக்கு ஒரு பிளேன்டீ" என்று உள்ளே சத்தம் போடுவான். நானும் விடமாட்டேன், கொழுந்து பறிக்கப் போகவில்லையா என்று கேட்பேன்.

2007 ஜூன் 7 ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இருக்கும். விடியற்காலையில் லொட்ஜ் லொட்ஜாக ஏறி, கொழும்பில் நிற்கக் காரணம் போதாது என்று நூற்றுக்கணக்கான தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புப் பக்கமும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் மறுநாள் தடுத்து நிறுத்தியது. அன்று பஸ்ஸில் ஏற்றியவர்கள் எவன் பனங்கொட்டை, எவன் மட்டக்களப்பான் என்று பிரித்துப் பார்க்கவில்லை, தமிழ்ப் பெயர் போதுமாக இருந்தது. செய்தி பரவியதும் அந்தப் பெடியன் என் பையையும் சான்றிதழ்களையும் தூக்கிக்கொண்டு வத்தளையில் தான் இருந்த அறைக்குக் கூட்டிப் போனான். நிலைமை தணியும் வரை அங்கேதான் இருந்தேன். பாயும் தலையணையும் அவனுடையது, அவன் வெறும் சீமெந்துத் தரையில். அதற்குப் பிறகும் அவன் என்னைப் பனங்கொட்டை என்றுதான் கூப்பிட்டான், இன்றைக்கும் போனில் அப்படித்தான். அவன் சொன்னால் சுடாது. அதே சொல்லைப் பிறகு வேலைசெய்த இடத்தில் இன்னொருவர், பதவி உயர்வு எனக்குக் கிடைத்த கிழமையில், கன்டீனில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அது வேறு.

புங்குடுதீவு:

கோண்டாவில் அண்ணா, நீங்கள் பனங்கொட்டையோடு தப்பிவிட்டீர்கள். எங்களுக்கு யாழ்ப்பாண டவுனுக்குள் போனால் தீவான், கொழும்புக்கு வந்தால் பனங்கொட்டை, டபுள் டிக்கட்! இத்தனைக்கும் கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் சுருட்டுக் கடையும் சாப்பாட்டுக் கடையும் போட்டுச் சிங்களம் சரளமாகப் பேசிப் பிழைத்தவர்கள் எங்கள் தீவுப்பகுதி ஆட்கள். எங்கள் அப்பப்பாவின் சிங்களத்தைக் கேட்டால் ஆளைத் தமிழன் என்றே சொல்லமாட்டார்கள் என்பார்கள். ஊருக்கு வந்தால் மட்டும் அவர் தீவான். பெண் கொடுக்கும்போது ஞாபகம் வரும், கடன் கேட்கும்போது மறந்துவிடும்.

மட்டு மருமகள்:

பெண்களின் கதையை யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். படிப்பு முடிந்து பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் போர்டிங்கில் வந்து இறங்கினேன். அறையில் எல்லோரும் யாழ்ப்பாணம், நான் மட்டும் மட்டக்களப்பு. நான் கதைக்கும்போது "பிறகு" என்பதற்கு "மறுகா" என்று வாயில் வந்தால் போதும், சிரிப்பு. அவர்கள் "பேந்து" என்பதை நான் சிரிக்கக்கூடாது, அது நல்ல தமிழாம்.

அதைப் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒன்று வந்தது. வேலை இடத்தில் ஒருவர் என்னோடு கதைக்கத் தொடங்கினார், சாவகச்சேரி ஆள். அறையில் தெரிந்ததும் ஒருத்தி பகிடி போல, "கவனம், மட்டக்களப்பாள் பாயோட ஒட்டவைச்சிடுவாள்" என்றாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இது பழைய கதை. யாழ்ப்பாணத்தில் இருந்து உத்தியோகத்துக்கும் யாவாரத்துக்கும் மட்டக்களப்புக்குப் போன ஆம்பிளைகள் பலர் அங்கேயே கல்யாணம் கட்டித் தங்கிவிட்டார்கள். அதற்குக் காரணம் எங்கள் பெண்களின் மந்திரம், மருந்து என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். வயலும் குளமும் மீனும் வீட்டில் முகம் கொடுத்துப் பேசுகிற ஆட்களும் இருந்தால் மனிதன் தங்கமாட்டானா? அதற்கு மந்திரமா வேண்டும்?

அவருடைய அம்மாவும் அதையே சொன்னார், பகிடியாக அல்ல. கல்யாணம் இழுபட்டதற்கு இந்த ஒரு வசனம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன், அவர் இன்றுவரை சாதகத்தில் ஏதோ என்கிறார். கடைசியில் நடந்தது. இப்போது எங்கள் ஊருக்குப் போனால் எருமைத் தயிர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு, லீவை இன்னும் இரண்டு நாள் நீட்டுவோமா என்று கேட்கிறவர் அவர்தான். மாமியும் வந்தால் கிளம்ப மனமில்லாமல் இருப்பார். நான் ஒரு மந்திரமும் போடவில்லை, சத்தியமாக.

ஜிந்துப்பிட்டி:

இதில் எங்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நாங்கள் கொழும்பிலேயே பிறந்தவர்கள்.

"ஊர் எது?"

"கொழும்பு."

"இல்ல, சொந்த ஊர்?"

சொந்த ஊரே இதுதான் என்றால் ஏதோ மறைக்கிறோம் என்ற மாதிரிப் பார்ப்பார்கள். 83 கலவரத்துக்குப் பிறகும் போகாமல் இதே தெருவில் இருந்தவர்கள் எங்கள் வீட்டார். போவதற்கு ஊர் இருந்தவர்கள் கப்பலில் ஊருக்குப் போனார்கள், எங்களுக்கு எந்தக் கப்பல்? வாக்கியத்துக்கு நடுவில் சிங்களம் கலந்து பேசுகிறோம் என்று எங்களைக் கேலி செய்கிறவர்கள் பொலிசில் என்ட்ரி போடவும் மின்சாரக் கந்தோரில் சண்டை பிடிக்கவும் எங்களைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

முன்னாள் சோனகதெரு:

எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் யாழ்ப்பாண முஸ்லிம். 1990 ஒக்டோபரில் எங்களை வெளியேறச் சொன்னபோது சின்னப் பிள்ளை, யார் சொன்னார்கள் என்று உங்களுக்கே தெரியும். யாழ்ப்பாண டவுனில் இருந்த எங்களுக்குக் கிடைத்தது மணித்தியாலக் கணக்கான அவகாசம். புத்தளத்தில் போய் விழுந்தோம். அங்கே எங்களுக்குப் பெயர் "அகதி". அந்த ஊர்க்காரர்களும் முஸ்லிம்கள்தான், பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் இடம் கொடுத்தார்கள், அதை மறக்கமாட்டேன். ஆனால் வருடங்கள் போய், அங்கேயே பிறந்த என் தங்கையையும் "அகதிப் பிள்ளை" என்றுதான் வகுப்பில் சொன்னார்கள்.

பிறகு வேலைக்குக் கொழும்பு. என் பேச்சு யாழ்ப்பாணப் பேச்சு. தெமட்டகொடையில் ஒரு கடையில் சாமான் கேட்டால் "தமிழ் ஆளா?" என்பார்கள். வெள்ளவத்தையில் பெயரைச் சொன்னால், இவ்வளவு நேரம் ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று கொழும்புத் தமிழுக்கு மாறிவிடுவார். ஒரே ஒரு வயசாளி மட்டும், பெயரைக் கேட்ட பிறகும், "எங்கட பெடியன்தானே" என்று சொல்லி யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றைக் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

கோண்டாவில்:

சோனகதெரு, இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி.

பதுளை புதுசு:

எல்லாம் படித்தேன், பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் வேலைக்கு வருகிறேன், கொம்பனி கொள்ளுப்பிட்டியில். எந்தப் பக்கம் அறை பார்ப்பது? சிங்களம் கதைப்பேன், பதுளைதானே.

ஹட்டன்காரன்:

சிங்களம் தெரிந்தால் பாதிக் கவலை முடிந்தது. வத்தளை, ஹெந்தளைப் பக்கம் வாடகை கொஞ்சம் குறைவு, நம் ஆட்கள் நிறைய, ஆனால் காலையில் பாலத்தைத் தாண்டிப் பஸ் நகராது. தெஹிவளையில் கிடைத்தால் எடுங்கள், காலி வீதியில் 100 பஸ் நேரே கொள்ளுப்பிட்டிக்குப் போகும், ரயிலும் இருக்கிறது. தனி வீடு என்றால் முற்பணம் ஆறு மாதம் கேட்பார்கள், சிலர் ஒரு வருடமும் கேட்பார்கள், இப்போதைக்குப் போர்டிங் போதும். எழுத்தில் உடன்படிக்கை இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

புங்குடுதீவு:

தம்பி, தெஹிவளையில் எங்களுக்குத் தெரிந்த வீட்டில் மேல்மாடி அறை ஒன்று இந்த மாதக் கடைசியில் காலியாகிறது. ஊர் கேட்கமாட்டார்கள், சிகரெட் குடிப்பீர்களா என்று மட்டும் கேட்பார்கள். தனிச்செய்தியில் நம்பர் போடுங்கள்.