மோட்டார் ஹோமுக்கு சோலார் போடலாமா, வேண்டாமா? போட்டவர்களும் போடாதவர்களும் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் வாசி

வணக்கம். பழைய ஹையேஸ் வேன் ஒன்றை மோட்டார் ஹோமாக மாற்றும் வேலை பாதியில் இருக்கிறது. கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஆகிவிட்டது. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதிக்கான வேலையும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு இனிப்புநீர், இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அதனால் ஐஸ்பெட்டி இராப்பகலாக ஓடியாக வேண்டும். அது போக ஒரு காற்றாடி, விளக்கு, கைப்பேசி. அவ்வளவுதான் எங்கள் தேவை.

ஈப்போவில் ஒரு கடையில் விசாரித்தோம். கூரை முழுக்க சோலார் தகடு போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணனோ, எஞ்சினிலிருந்தே சார்ஜ் ஆகும், காசைக் கரியாக்காதே என்கிறார். சொந்த அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தாப்பா ரோடு அக்கா

எங்கள் வேனில் சோலார் இருக்கிறது. அது இல்லாமல் பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு மாரான் போய்த் தங்கியிருக்கவே முடியாது. மரத்தாண்டவர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வண்டியை ஒரு முறை நிறுத்திவிட்டால் கூட்டம் கலையும்வரை நகர்த்த வழியில்லை. முன்னாலும் பின்னாலும் பஸ்ஸும் வேனுமாக நிற்கும். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும். பால்குடத்துக்கு வாங்கிய பால், மாமியாரின் மருந்து, பிள்ளைகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் எல்லாம் அந்தச் சின்ன ஐஸ்பெட்டிக்குள்தான்.

பக்கத்தில் நின்ற வண்டியில் விடிய விடிய ஜெனரேட்டர் ஓடியது. அந்தச் சத்தத்தில் கைக்குழந்தையைத் தூங்க வைக்கப் பட்டபாடு இருக்கிறதே! எங்களுக்கோ மத்தியானத்துக்குள் பேட்டரி நிரம்பிவிடும். மிச்ச வெயில் வீணாக வேண்டாம் என்று சுற்றியிருந்தவர்களின் கைப்பேசிகளையும் வாங்கிச் சார்ஜ் போட்டுக் கொடுத்தோம். கல்லுமலைத் தைப்பூசத்துக்கும் இதே கதைதான். திருவிழாவுக்குப் போய் நிற்கிற குடும்பம் என்றால் யோசிக்காமல் போடுங்கள்.

மலையேறி வேன்

அக்கா சொல்வது அவர்கள் போகிற விதத்துக்குச் சரி. நான் கூரையில் எதுவும் போடவில்லை, இதுவரை தேவைப்படவும் இல்லை. எனக்கு ஒரே இடத்தில் இரண்டு இராத்திரி தங்குகிற பழக்கம் கிடையாது. இன்று லுமுட், நாளை கேமரன் மலை, அடுத்த நாள் வேறெங்காவது. எஞ்சினுக்கும் இரண்டாவது பேட்டரிக்கும் நடுவில் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைத்திருக்கிறேன். வண்டி ஓடும்போதே நிரம்பிவிடுகிறது.

நிறுத்துவதும் மர நிழலில்தான். வெயிலில் நிறுத்தினால் தகடு வேலை செய்யும், ஆனால் உள்ளே மனிதன் வெந்து போவான். கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே மத்தியானமே மூடுபனி இறங்கிவிடும். அங்கே குளிரில் ஐஸ்பெட்டியும் அடிக்கடி ஓடாது, செலவும் குறைவு.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. நம் நாட்டிலேயே காருக்குள் அப்படித் தூங்கி உயிர் போன செய்திகளைப் படித்திருக்கிறோம். சோலார் போடாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள்.

ஆலை சார்ஜ்மேன்

நானும் சுங்கை சிப்புட்தான். செம்பனை எண்ணெய் ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சார வேலைக்குப் பொறுப்பாளராக இருந்தேன். இப்போது ஓய்வில் தெரிந்தவர்களின் வேன்களுக்கு வயரிங் செய்து கொடுக்கிறேன். மேலே இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அந்த அக்கா நின்ற இடத்திலேயே நிற்கிறார், இந்தத் தம்பி தினமும் ஓடுகிறார். உங்கள் அப்பா அம்மா எப்படிப் போகப் போகிறார்கள்? கடைக்காரர் அதைக் கேட்டிருந்தால் கூரை முழுக்கத் தகடு என்று எடுத்த எடுப்பில் சொல்லியிருக்க மாட்டார்.

முதலில் செலவைக் கணக்குப் போடுவோம். 40 லிட்டர் கம்ப்ரஸர் ஐஸ்பெட்டி ஓடும்போது ஏறக்குறைய 45 வாட் இழுக்கும். நம் ஊர்ச் சூட்டில், அதுவும் மூடிய வேனுக்குள், நாளில் பாதி நேரமாவது ஓடும். 45 வாட்டை 12 மணி நேரத்தால் பெருக்கினால் அதுவே 540 வாட்-மணி. 25 வாட் காற்றாடி இரவு எட்டு மணி நேரத்துக்கு 200. எல்இடி விளக்குகளுக்கு 50, கைப்பேசிகளுக்கு 30. ஆக, நாளுக்கு 800 சொச்சம்.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது. அதில் 1,000 வரை தயங்காமல் எடுக்கலாம். ஒரு நாள் தாங்கும், இரண்டாம் நாள் முடியும் முன்பே படுத்துவிடும். அதே அளவு ஈய-அமில பேட்டரி என்றால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். அதாவது கைக்கு வருவது 600தான், உங்களுக்கு ஒரு நாளே ஓடாது. அதனால் காசைக் கொட்டுவதென்றால் முதலில் பேட்டரியில் கொட்டுங்கள். தகட்டை அடுத்த வருஷம்கூட ஏற்றிக்கொள்ளலாம்.

இனி வரவு. 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் மணிக்கு ஏறக்குறைய 400 வாட்-மணி கொடுக்கும். இங்கிருந்து ஈப்போ வழியாக லுமுட் போய்ச் சேர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் முதல் நாள் செலவு முழுக்கத் திரும்பிவிட்டது. தினமும் இப்படி ஓடுகிறவருக்குக் கூரையில் எதுவும் வேண்டாம் என்பது இதனால்தான்.

சோலாரில், நம் நாட்டில் ஒரு நாளைக்கு முழு வெயிலுக்குச் சமமான நேரம் 4 முதல் 5 மணி என்று வைத்துக் கணக்கிடுவார்கள். 200 வாட் தகடு என்றால் தாளில் 800 வரும். கூரையில் அது வராது. தகட்டில் எழுதியிருக்கும் வாட் 25 டிகிரியில் அளந்தது. மத்தியானம் வேன் கூரைமேல் தகட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 முதல் 0.4 சதவீதம் போனால் அதிலேயே பன்னிரண்டு முதல் பதினான்கு சதவீதம் காலி. வயர், தூசி, மத்தியானத்துக்கு மேல் திரளும் மழை மேகம் எல்லாம் கழித்தால் 600 கிடைத்தாலே நல்ல நாள். 300 வாட் போட்டால்தான் உங்கள் செலவுக்குச் சரிக்குச் சரி.

தகட்டைக் கூரையோடு ஒட்டிவிடாதீர்கள். அடியில் காற்றுப் போக இரண்டு விரல் இடைவெளியாவது விடுங்கள். ஐரோப்பாக்காரர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டுச் சாய்க்கிற ஸ்டாண்டு வாங்குகிறார்கள். அங்கே குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து போகும், சாய்த்துத்தான் ஆக வேண்டும். சுங்கை சிப்புட் பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 டிகிரியில் இருக்கிறது. வருஷம் முழுக்க உச்சி வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலேதான், படுத்த வாக்கிலேயே போடலாம். மழைத்தண்ணீர் வடிய லேசான சரிவு இருந்தால் போதும்.

நம் ஊர் விஷயம் நிழலும் தூசியும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று செம்மண் பாதையில் முன்னால் போனால் போதும், தகடு சிவந்துவிடும். நிழல் இன்னும் மோசம். ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு என் வேனைத் திடலோரம் நிறுத்தியிருந்தேன். காலை பத்து மணிக்கு மீட்டர் 130 வாட் காட்டியது. கொஞ்ச நேரத்தில் சடாரென்று பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. வயர் கழன்றதோ என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், பக்கத்து வரிசைப் பால்மரத்திலிருந்து (ரப்பர் மரம்) விழுந்த மூன்று இலைகள் ஈரத்தோடு ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. செல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால் ஒன்று இருண்டாலும் அந்த வரிசையே படுத்துவிடும். இலையைத் துடைத்ததும் மீட்டர் பழைய இடத்துக்கு ஏறியது. இலையும் கிளை நிழலுமே இவ்வளவு செய்யும் என்றால் செம்பனைக்கு அடியில் நாள் முழுக்க நிறுத்துகிறவருக்குக் கூரைத் தகடு அலங்காரம்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் அப்பா கிராணியாக இருந்தவர். பழைய சிநேகிதர்கள் எத்தனை தோட்டத்தில் இருப்பார்கள்! அவர்கள் வாசலில் வேனை நிறுத்தினால் வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்தாலே இராத்திரிக்குள் பேட்டரி நிரம்பிவிடும். வீட்டுக் கரண்டில் போடுகிற சார்ஜர் ஒன்று வேனில் நிரந்தரமாக இருக்கட்டும்.

சுங்கை சிப்புட் வாசி

மிக்க நன்றி அண்ணே, அக்கா, தம்பி. அப்பாவிடம் கேட்டேன். தோட்டத்து உறவுகளைப் பார்ப்பதுதான் பாதிப் பயணம் என்கிறார். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை மாரான், அப்புறம் தெலுக் செனாங்கின் கடற்கரையில் நாலு நாள் சும்மா உட்கார வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. இன்சுலின்தான் எனக்குப் பயம். இன்னொரு கேள்வி, பெரிய தகடாகப் போட்டால் இராத்திரி ஏர்கோன் ஓடுமா?

ஆலை சார்ஜ்மேன்

ஏர்கோன் ஆசையை விட்டுவிடுங்கள். சின்ன ஒரு குதிரைத்திறன் ஏர்கோனே 750 வாட் பக்கம் இழுக்கும். விட்டு விட்டு ஓடினாலும் ஓர் இராத்திரிக்கு 4,000 வாட்-மணி போய்விடும். ஹையேஸ் கூரையில் அதற்குத் தகடு வைக்க இடமில்லை. கரண்ட் தருகிற கேம்ப் தளத்தில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் நாலு நாள், கோயிலில் சில நாள் என்றால் உங்களுக்கு சோலார் தேவைதான். இரண்டு 150 வாட் தகடு, எம்பிபிடி கன்ட்ரோலர் (தகட்டிலிருந்து முடிந்த அளவு கரண்டை எடுத்துப் பேட்டரிக்கு ஏற்றும் கருவி), 100 ஆம்பியர்-மணி லித்தியம், கூடவே டிசி-டிசி சார்ஜர். மழை பிடித்துக்கொண்டால் ஐஸ்பெட்டியைத் தவிர மற்றதைக் குறைத்துக்கொள்ளலாம், அப்படியும் இறங்கினால் வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். நவம்பர் முதல் கிழக்குக் கரைப் பக்கம் போனால் தகட்டை நம்பிப் போகாதீர்கள்.

இன்சுலினுக்கு வருகிறேன். திறக்காதது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. இந்தச் சின்ன ஐஸ்பெட்டிகளில் அடித்தட்டு சில நேரம் உறைந்துவிடும். மருந்தை மேல்கூடையில், துணி சுற்றிய டப்பாவில் வையுங்கள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டுவிடுங்கள், பெட்டியின் முன்னால் ஒளிர்கிற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒரு நண்பரின் வேனில் பேட்டரி முக்கால்வாசி இருக்கும்போதே இராத்திரி ஐஸ்பெட்டி நின்று நின்று போனது. பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கப் பார்த்தார். பார்த்தால் பின்பக்கம் வரை ஒல்லி வயர் இழுத்திருந்தார்கள். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வோல்ட் சரிய, பேட்டரி தீர்ந்தது என்று நினைத்துப் பெட்டி தானே அணைந்துகொண்டது. 6 சதுர மில்லிமீட்டர் வயர் மாற்றியதும் சரியாகிவிட்டது. பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

தகடு வாங்கும் முன் ஞாயிறு காலை வேனைக் கொண்டு வாருங்கள் தம்பி, கூரையை அளந்துவிடலாம். அப்பாவையும் அழைத்து வாருங்கள்.

தாப்பா ரோடு அக்கா

தம்பி, மாரானுக்கு வரும்போது சொல்லுங்கள். இரண்டு நாள் முன்னதாகவே வந்தால் வெயில் படுகிற இடமாகப் பார்த்து நிறுத்தலாம். அம்மாவுக்கு உட்கார வெளியே ஒரு கூடாரத் துணி கட்டிவிடுவோம். வேன் வெயிலில் நிற்கட்டும், நாம் நிழலில் இருப்போம்.