தம்பி முட்டி ஆபரேஷன்: குடும்பக் குரூப்பில் நேற்று இரவு

காட்பாடி மாமா: எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்துவிட்டது. முட்டிச் சில்லின் அடியில் குருத்தெலும்பு பெயர்ந்து, 3 சதுர செ.மீ. அளவுக்குப் பள்ளமாம். அவனுடைய குருத்தெலும்புச் செல்களையே கொஞ்சம் எடுத்து, லேபில் வளர்த்து, அந்தப் பள்ளத்தில் வைக்கலாம் என்கிறார் டாக்டர்.

ராணிப்பேட்டை சித்தப்பா: சின்னப் பையனுக்குக் கத்தி எதற்கு? புத்தூர் கட்டு போட்டால் போதும். என் மணிக்கட்டு அப்படித்தான் கூடியது.

பிசியோ அக்கா: அப்பா, உங்களுக்கு முறிந்தது எலும்பு. அதில் ரத்தம் ஓடும், கூடிவிடும். குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது. பெயர்ந்தால் பெயர்ந்ததுதான்.

குடியாத்தம் அத்தை: ஆட்டுக்கால் சூப் கொடுங்க. நான் தினமும் குடிக்கிறேன்.

தம்பி: அப்படியும் சோளிங்கருக்கு ரோப் காரில்தானே போனீங்க அத்தை 😄

காட்பாடி மாமா: டேய், சும்மா இரு. பாப்பா, வைத்தால் எத்தனை வருஷம் தாங்கும்?

பிசியோ அக்கா: இதை 1987-இல் ஸ்வீடனில் ஆரம்பித்தார்கள் மாமா. 23 பேரின் கணக்கை 1994-இல் வெளியிட்டார்கள். தொடை எலும்பின் முனையில் வைத்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முட்டிச் சில்லில் வைத்த 7 பேரில் 2 பேருக்குத்தான்.

அம்மா: ஐயோ, ரெண்டே பேரா?

பிசியோ அக்கா: இருங்க பெரியம்மா. அப்போது பள்ளத்தை நிரப்புவதிலேயே கவனமாக இருந்தார்கள். சில்லு ஓடும் தடம் கோணலாக இருந்தால், புதிதாக வைத்ததும் உரசிக் கெட்டுப்போகும். இப்போது தேவைப்பட்டால் முட்டிக்குக் கீழே தசைநார் பிடித்திருக்கும் எலும்பை வெட்டி நகர்த்தி, ஸ்க்ரூ போட்டுத் தடத்தையும் நேராக்குகிறார்கள். தம்பிக்குச் சில்லு அடிக்கடி வெளிப்பக்கம் விலகுகிறதே. அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, தடத்தையும் சேர்த்துச் சரிசெய்வாரா என்பதுதான். வருஷக் கணக்கு அப்புறம்.

காட்பாடி மாமா: சரி, அந்த வருஷக் கணக்கையும் சொல்லிவிடு.

பிசியோ அக்கா: அதே ஸ்வீடன் குழு, ஆபரேஷனாகி 10 முதல் 20 வருஷம் ஆனவர்களை விசாரித்து 2010-இல் எழுதியது. பதில் சொன்ன 224 பேரில் 74 சதவீதம் பேர், முந்தைய வருஷங்களைவிடத் தேவலை அல்லது அப்படியே இருக்கிறது என்றார்கள். 92 சதவீதம் பேர் மறுபடியும் செய்துகொள்வோம் என்றார்கள். ஆனால் அது முட்டியின் எல்லா இடத்தையும் சேர்த்த கணக்கு. பதிலே சொல்லாதவர்கள் நூறு பேருக்கு மேல். அதனால் நான் அதை அப்படியே நம்ப மாட்டேன்.

காட்பாடி மாமா: இறந்தவரிடமிருந்து எடுத்து வைப்பதும் உண்டாமே?

பிசியோ அக்கா: உண்டு, எலும்போடு சேர்த்து வைப்பார்கள். சில்லில் அப்படி வைத்த 28 முட்டிகளை அமெரிக்காவில் தொடர்ந்து பார்த்தார்கள். 10 வருஷத்தில் 78 சதவீதம் தாங்கியது, 15 வருஷத்தில் 56. நடுவில் பாதிக்கு மேல் மறுபடியும் ஏதாவது ஓர் ஆபரேஷன் தேவைப்பட்டது.

குடியாத்தம் அத்தை: எனக்கும் இதையே செய்யலாமா கண்ணு?

பிசியோ அக்கா: ரோட்டில் ஒரு குழி என்றால் அடைக்கலாம் அத்தை. உங்களுக்கு ரோடே தேய்ந்துவிட்டது.

தம்பி: அக்கா, கபடி?

பிசியோ அக்கா: ஒரு வருஷத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம். முதல் சில வாரம் ஊன்றுகோல், முட்டியை மடங்காமல் பிடித்து வைக்கும் பிரேஸ். நடக்கும்போது முட்டி மடங்கக் கூடாது. காலை நீட்டிப் படுத்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தித் தொடையை இறுக்கிப் பத்து எண்ணி விடு. முதல் நாளிலிருந்தே இதுதான் வேலை. தொடைச் சதை சீக்கிரம் இளைத்துவிடும், திரும்ப ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அப்புறம் சைக்கிள். குத்துக்காலிட்டு உட்காருவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

அம்மா: அப்படியென்றால் நம் வீட்டு டாய்லெட்?

காட்பாடி மாமா: நாளைக்கே கொத்தனாரைக் கூட்டி வருகிறேன்.

ராணிப்பேட்டை சித்தப்பா: கொத்தனார் எதற்கு? பாட்டி உட்கார்ந்த கமோடு நாற்காலி எங்கள் பரணில் இருக்கிறது. பைக்கில் கட்டிக் கொண்டுவருகிறேன்.

தம்பி: சித்தப்பா, ப்ளீஸ், ஆட்டோவில் கொண்டு வாங்க. தெருவே பார்க்கும் 🙏