உறைபனியில் பூம் லிஃப்ட், சிசர் லிஃப்ட் ஏறப் போகிறவர்களுக்கு

குளிர் நாட்டுக்கு வந்து முதல் பனிக்காலத்திலேயே சைட் வேலை கிடைத்து, "நாளையிலிருந்து நீதான் லிஃப்டில்" என்று சொல்லப்பட்ட தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். இரண்டுமே ஆளை உயரத்துக்குத் தூக்கும் மெஷின்கள். பூம் லிஃப்டில் நீளும் இரும்புக் கையின் (பூம்) நுனியில் ஆள் நிற்கும் கூண்டு (பாஸ்கெட்) இருக்கும். சிசர் லிஃப்டில் கத்தரிக்கோல் மாதிரி விரியும் கால்கள் ஒரு தளத்தை நேராக மேலே தூக்கும். நான் ஆறு பனிக்காலம் இந்த மெஷின்களில் நின்றிருக்கிறேன். ட்ரெயினிங்கில் எல்லாம் சொல்லித் தருவார்கள். ஆனால் பெரும்பாலும் அது சூடான கூடத்துக்குள் நடக்கும். அதே மெஷின் மைனஸ் 15 டிகிரியில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற பிறகு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் பனிக்காலம். பூட்ஸில் ஒட்டிய பனியோடு பாஸ்கெட்டில் ஏறினேன். பூம் லிஃப்டில் காலால் ஒரு பெடலை மிதித்தால்தான் எதுவும் அசையும், காலை எடுத்தால் நின்றுவிடும். நம் உயிரைக் காப்பாற்ற வைத்த பெடல் அது. என் பூட்ஸிலிருந்து விழுந்த பனி அதன் அடியில் போய் இறுகி உறைந்துவிட்டது. மேலே ஏற்றும்போது தடித்த ஜாக்கெட்டின் கை ஜாய்ஸ்டிக்கில் மாட்டிக்கொண்டது. காலை எடுத்தேன், பூம் நிற்கவில்லை. பெடல் எழும்பவே இல்லை. தலைக்கு மேலே இரும்பு பீம். கீழே இருந்தவர் ஓடிவந்து எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்பு பட்டனை (எமர்ஜென்சி ஸ்டாப்) அடித்தபோது பீமுக்கும் என் ஹெல்மெட்டுக்கும் ஒரு முழம்கூட இல்லை. அன்றிலிருந்து ஏறும் முன் பூட்ஸைத் தட்டுவேன், பெடலின் அடியில் குச்சி விட்டுச் சுத்தம் செய்வேன், தரையில் இருக்கும்போதே மிதித்து விட்டு அது எழும்புகிறதா என்று பார்ப்பேன். தடித்த கையுறையையும் மாற்றிவிட்டேன். விரல் அசைகிற மெல்லிய கையுறை ஒன்று, அதற்கு மேல் கழற்றிப் போட ஒன்று.

அதனால் ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் அரை மணி நேரம் மெஷினுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு இதுதான் கஷ்டம். மற்றவர்கள் ஏறிவிட்டார்களே, நாம் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்று மனசு அடித்துக்கொள்ளும். நினைக்கட்டும்.

அந்த அரை மணியில் பெரும்பகுதி ஹைட்ராலிக் ஆயிலுக்குப் போகும். குளிரில் அது தேன் மாதிரி கெட்டியாகிவிடும். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் உடனே அசையாது. நாம் இன்னும் கொஞ்சம் தள்ளுவோம். அப்போது திடீரென்று குதிக்கும். நீட்டிய பூமின் நுனியில் அந்தக் குதிப்பு சாட்டை வீச்சு மாதிரி வரும், ஆளையே தூக்கி எறியும். எஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். பிறகு ஆள் ஏறாமல், கீழே உள்ள கன்ட்ரோலிலிருந்து ஒவ்வொரு அசைவையும் கொஞ்சமாக, மெதுவாக, நாலைந்து முறை ஓட்டுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப்பையும், மெஷின் நின்றுபோனாலும் பாஸ்கெட்டைக் கீழே கொண்டுவரும் அவசர இறக்கத்தையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.

குளிரில் ஹோஸ் விறைக்கும், சீல் சுருங்கும், ஆயில் கசியும். மெஷினை நகர்த்திவிட்டு அது நின்ற இடத்துப் பனியைப் பாருங்கள், சொட்டு இருந்தால் பளிச்சென்று தெரியும். கசிவு எங்கே என்று கையால் மட்டும் தடவாதீர்கள். அழுத்தத்தில் பீச்சும் ஆயில் கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் போய்விடும். ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

டீசல் மெஷின் என்றால் பனிக்கால டீசல்தான் ஊற்ற வேண்டும். சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். சாயங்காலமே டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் கோக்காது. ஸ்டார்ட் ஆகவில்லையென்று சட்டென்று தீப்பிடிக்கும் ஈத்தர் ஸ்ப்ரேயை எஞ்சினுக்குள் அடிப்பவர்களைப் பார்ப்பீர்கள். ஸ்டார்ட் ஆவதற்காக உள்ளே சூடேற்றும் க்ளோ ப்ளக் உள்ள எஞ்சினில் அது வெடிக்கும், கிட்டவே போகாதீர்கள்.

பேட்டரி மெஷினுக்கு ராத்திரி சார்ஜ் போடாமல் போவது பெரிய தப்பு. முழு சார்ஜில் உள்ள லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியானது மைனஸ் 10ஐ எட்டும் முன்பே உறைந்துவிடும். உறைந்த பேட்டரிக்கு சார்ஜ் போட்டால் வெடிக்கலாம். இன்னொன்று, மைனஸ் 18 வாக்கில் பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். நேற்று சாயங்காலம் வரை ஓடியது இன்று மத்தியானமே உங்களை மேலேயே நிறுத்திவிடும்.

பிளாட்ஃபார்மில் தேங்கிய பனியும் பாரக் கணக்கில் சேரும். ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் ஈரப்பனி இருந்தால் 30 கிலோ சாதாரணமாக வரும். பெரிய சிசர் லிஃப்டின் தளம் 7 சதுர மீட்டர் என்றால் ஆளே ஏறாமல் 200 கிலோவைத் தாண்டிவிட்டது. பிரஷ்ஷால் தள்ளுங்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள், அது லிமிட் ஸ்விட்சுக்குள் (எல்லை வந்ததும் அசைவை நிறுத்தும் ஸ்விட்ச்) இறங்கி மறுபடி உறையும். உப்பும் வேண்டாம், இரும்பையும் வயரிங்கையும் அரித்துவிடும்.

தரை பற்றி ஒன்று. காலையில் கல் மாதிரி இருக்கும் மண், மத்தியானம் வெயில் பட்டதும் இளகிவிடும். காலையில் நின்ற இடம்தானே என்று அதே இடத்தில் தூக்காதீர்கள். பனிக்குக் கீழே பள்ளமா, சாக்கடை மூடியா தெரியாது. நான் போகிற வழி முழுக்க மண்வாரியால் ஒதுக்கி, நடந்து பார்த்த பிறகுதான் ஓட்டுவேன். சரிவில் ஐஸ் இருந்தால் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும், ஆனால் சக்கரமே வழுக்கும்.

காற்றுக்கு எல்லை மெஷினின் தகட்டிலேயே இருக்கும். வெளியில் ஓட்டத் தகுந்தவற்றில் பெரும்பாலும் விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். சில சிசர் லிஃப்டில் 0 என்று போட்டிருக்கும், அது கட்டடத்துக்குள் மட்டும். மேலே போகப் போகக் காற்று கூடும் என்பதை மறக்காதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 21. விரல் மரத்த பிறகு ஜாய்ஸ்டிக் எவ்வளவு தள்ளுகிறோம் என்றே தெரியாது, அதற்கு முன்பே இறங்கிவிடுங்கள். குறைந்தபட்ச வெப்பநிலை மேனுவலில் இருக்கும், நான் ஓட்டிய ஒன்றில் மைனஸ் 29. அதற்குக் கீழே போனால் அன்று மெஷின் எடுக்க மாட்டோம்.

இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணா, காற்றுக்கு மறைவாக பாஸ்கெட்டின் கைப்பிடிக் கம்பியில் தார்ப்பாய் கட்டிக்கொள்ளலாமா? எங்கள் சைட்டில் எல்லாரும் கட்டுகிறார்கள்."

கூடாது தம்பி. அது பாய்மரம் ஆகிவிடும். அந்த 12.5 மீட்டர் கணக்கு திறந்த கம்பிக்குத்தான். கட்டடத்தைச் சுற்றி பிளாஸ்டிக் கட்டி உள்ளே வேலை செய்வது வேறு. அங்கே வேறு ஆபத்து. டீசல், கேஸ் மெஷினின் புகையும் ஹீட்டரின் புகையும் வெளியேறாமல் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இருக்காது. தலைவலி, மயக்கம் வந்தால் குளிர் என்று நினைக்காமல் உடனே வெளியே வாருங்கள். உள்ளே என்றால் பேட்டரி மெஷினைக் கேளுங்கள்.

"ஹார்னஸை, அதாவது விழாமல் இருக்க உடம்பில் கட்டும் பட்டையை, ஜாக்கெட்டுக்கு மேலே போடுவதா, உள்ளேயா?"

மேலே போட்டு, அந்த ஜாக்கெட்டோடே இறுக்கிச் சரிசெய்யுங்கள் தங்கச்சி. மத்தியானம் ஜாக்கெட்டை மாற்றினால் மறுபடி இறுக்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஹார்னஸை மெஷினோடு இணைக்கும் லேன்யார்டைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டாதீர்கள், அதற்கென்று வைத்த வளையத்தில்தான் மாட்ட வேண்டும். ஈரத்தில் உறைந்த ஹார்னஸை ராத்திரி வண்டியில் போட்டுவிட்டுப் போகாமல், வீட்டுக்குள் நிழலில் தொங்கவிடுங்கள். ஹீட்டர் மேல் போட வேண்டாம்.

கடைசியாக, சூப்பர்வைசரிடம் "மாட்டேன்" என்று எப்படிச் சொல்வது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை பல நாடுகளில் சட்டத்திலேயே இருக்கிறது, உங்கள் நாட்டில் எப்படி என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். நான் "முடியாது" என்று ஆரம்பிப்பதில்லை. "பெடல் எழும்பவில்லை, வந்து பாருங்கள்" என்று சொல்லி அவரை மெஷினுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போவேன். அதோடு, கீழே நிற்கப் போகிறவர் யார் என்று கேளுங்கள். மேலே நீங்கள் சிக்கிக்கொண்டால் குளிரில் அரை மணி நேரமே அதிகம். நீங்கள் ஏறும் முன், அவர் கையாலேயே ஒரு தடவை கீழ் கன்ட்ரோலில் காலி பாஸ்கெட்டை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.