மியூசிக்கல் தியேட்டர் படிப்பு: எர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கலாமா?

வணக்கம். நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பாட்டு, நடனம், நடிப்பு மூன்றும் சேர்ந்த மியூசிக்கல் தியேட்டர்தான் படிப்பேன் என்கிறாள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப் பள்ளிக்கு எர்லி டிசிஷனில் (முன்கூட்டியே விண்ணப்பித்து முடிவையும் சீக்கிரம் பெறும் முறை) விண்ணப்பிக்கத் துடிக்கிறாள். கடைசி நாள் நவம்பர் 1.

என் தயக்கமெல்லாம் பணத்தைப் பற்றியது. இடம் கிடைத்தால் அங்கேயே சேருவதாக இப்போதே கையெழுத்திட வேண்டும். மிச்சிகன், கார்னகி மெலன் போன்ற மற்ற பல்கலைக்கழகங்கள் என்ன உதவித்தொகை தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லை. உதவித்தொகை போதாவிட்டால் விலகலாம் என்கிறார்கள். அப்படி உண்மையில் விலகியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?

குரல் விஷயமும் இருக்கிறது. சிறுவயதிலிருந்து கர்நாடக சங்கீதம் பாடியவள். நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகப் பாணியில் உரக்கப் பாடும் ‘பெல்ட்’ இப்போதுதான் வசப்படுகிறது. பல கல்லூரிகள் ஒரே இடத்தில் நேரில் பாடி நடித்துக் காட்டும் தேர்வு நடத்தும் யூனிஃபைட்ஸ் குளிர்காலத்தில்தான் வருகிறது. அதற்குள் இன்னும் தேறிவிடுவாள் என்கிறார் பாட்டு ஆசிரியை. எர்லி டிசிஷனுக்காக அவசரப்பட்டு, அவள் பாடும் அரைகுறைக் காணொளியை இப்போதே அனுப்புவதா, காத்திருப்பதா?

பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்த்தவர்கள் சொல்லுங்கள். (கணினி படிக்க வையுங்கள் என்ற யோசனை வேண்டாம், உறவினர்கள் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள்.)