புதுப்பிப்பு: சுருங்கிக் கிடந்த லெதர் கோரல் விரிந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: லாஸ்பேட்டை வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, லெதர் கோரல் (தோல் போலிருக்கும் மென்பவளம்) மூன்று வாரமாகப் பாலிப்பை (அதன் மேல் பூப்போல விரியும் சின்ன உயிர்களை) நீட்டவே இல்லை, மேலே மெழுகு பூசினாற்போல் பளபளப்பு. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது "மருந்து எதையும் ஊத்தாதீங்க, நீரோட்டத்தைக் கூட்டுங்க" என்று ஒரு அண்ணன் சொன்ன யோசனைதான். கோரல் தோல் உரித்திருக்கிறது, அவ்வளவுதான். வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பை) எதிர்க் கண்ணாடிப் பக்கம் திருப்பி, ஓட்டம் நேராக மோதாமல் சுற்றி வரும்படி வைத்தேன். நான்காம் நாள் ஓரத்திலிருந்து வெங்காயச் சருகு போல ஒரு சவ்வு கிளம்பி மிதந்தது. அடுத்த வாரம் பாலிப் முழுக்க வெளியே. லெதர் தண்ணீரில் விடும் நச்சு பக்கத்து மஷ்ரூம் கோரலைத் தாக்காமலிருக்க, இன்னொருவர் சொன்ன ஆக்டிவேட்டட் கார்பனும் (நச்சை உறிஞ்சும் கரி) போட்டேன்.

எதிர்பாராத ஒன்று. வெயிலில் தொட்டி 31 டிகிரி போனதால் சின்ன ஃபேன் மாட்டினேன். 28க்கு இறங்கியது. சரி, ஆனால் தினமும் இரண்டு லிட்டர் ஆவியானது. குறைந்ததை உப்புத் தண்ணீராலேயே நிரப்பிக்கொண்டிருந்தேன், மடத்தனம். உப்பு எங்கே ஆவியாகும்? பன்னிரண்டு நாளில் தொட்டி நீரின் அடர்த்தி (உப்பு கூடினால் இது ஏறும்) 1.025இலிருந்து 1.028. இப்போது உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்தான் ஊற்றுகிறேன். தொட்டி நீரையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, அதற்குப் பதில் அதையே ஊற்றியதில் 1.025க்கு வந்துவிட்டது.