11 பேர் உள்ள நிறுவனத்துக்கு எழுத்தில் என்னென்ன விதிமுறை வேண்டும்?

புதுமுதலாளி:
பொருள் வாங்கி விற்கும் சிறு நிறுவனம், மொத்தம் 11 பேர். இதுவரை எல்லாம் வாய்மொழிதான். இணையத்தில் 60 பக்க மாதிரிக் கையேடு ஒன்று கிடைத்தது. பெயரை மட்டும் மாற்றி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடலாமா? இல்லை, நிஜமாகவே நிறுவனத்தைக் காப்பாற்றும் விதிகள் சிலவற்றை மட்டும் எழுதினால் போதுமா? பில், வங்கி, கணக்கு மூன்றும் ஒரே ஆள் கையில் இருக்கிறது. இன்னொருவரைச் சேர்க்க வசதியில்லை.

பேரேடு:
அந்த 60 பக்கத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். உள்ளே எங்காவது "மூன்று எழுத்துபூர்வ எச்சரிக்கைக்குப் பிறகே பணிநீக்கம்" என்று இருக்கும். நீங்கள் அதைப் படிக்காமல் ஒருவரை ஒரே நாளில் அனுப்பினால், எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

பணத்திலிருந்து ஆரம்பியுங்கள். எந்தச் செலவிலும் நான்கு வேலைகள் உண்டு: ஒப்புதல் தருவது, பணத்தைக் கையாள்வது, பதிவது, சரிபார்ப்பது. ஆள் சேர்க்க முடியாவிட்டால் முதலும் கடைசியும் உங்களிடம் இருக்கட்டும், நடுவில் உள்ள இரண்டைக் கணக்காளர் பார்க்கட்டும்.

வங்கி அறிக்கையை வங்கித் தளத்தில் நீங்களே திறந்து பாருங்கள். கணக்காளர் அனுப்பும் எக்செல் தாளில் எதையும் திருத்தலாம். அறிக்கையில் தேட வேண்டியவை: இதுவரை பார்க்காத பெயர், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம், ஒப்புதல் வரம்புக்குச் சற்றே கீழே வருமாறு உடைத்த தொகைகள். ஒருவர் பதிந்து மற்றவர் ஒப்புதல் தரும் வசதி நிறுவனக் கணக்குகளுக்கு உண்டா என்று வங்கியில் கேளுங்கள். இருந்தால், உங்கள் போனுக்கு வரும் ஓடிபியை வாட்ஸ்அப்பில் கணக்காளருக்கு அனுப்பும் பழக்கம் வேண்டாம். அனுப்பினால் மறுபடி எல்லாம் ஒரே கைதான்.

சில்லறைச் செலவுக்கு ஒரு தொகையை நிரந்தரமாக நிர்ணயித்துவிடுங்கள். எந்த நிமிடம் எண்ணினாலும் பெட்டியில் உள்ள பணமும் வவுச்சர்களும் (செலவுச் சீட்டுகள்) சேர்ந்து அந்தத் தொகை வர வேண்டும். நாள் சொல்லாமல் மாதம் ஒருமுறை எண்ணுங்கள்.

பில் ரத்தும் ரீஃபண்டும் விற்பனை மேசையில் பணம் கசியும் முக்கிய ஓட்டை. வாடிக்கையாளர் போன பிறகு பில்லை ரத்து செய்தால் பணம் பைக்குள் போகும், கணக்கும் ஒத்துப்போகும். ஆகவே பில் போட்டவரே ரத்து செய்ய முடியாதபடி மென்பொருளில் அனுமதியைப் பிரித்துவிடுங்கள். பில் எண்களில் விடுபட்டவை இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

பலர் எழுதத் தயங்கும் விதி கட்டாய விடுப்பு. கணக்கு பார்ப்பவர் வருடத்தில் ஒருமுறை தொடர்ந்து 5 வேலைநாள் விடுப்பில் போக வேண்டும், அந்த வேலையை இன்னொருவர் செய்ய வேண்டும். ஒரு வாடிக்கையாளர் கட்டிய பணத்தை எடுத்துக்கொண்டு, அடுத்தவர் கட்டுவதை முதலாமவர் கணக்கில் வரவு வைத்து மறைக்கும் முறை உண்டு. தினமும் ஆள் இருந்து பார்த்துக்கொண்டால்தான் அது ஓடும். ஒரு வாரம் இல்லாவிட்டால் "கட்டிவிட்டேனே, ஏன் பாக்கி என்கிறீர்கள்" என்று போன் வரத் தொடங்கும்.

சப்ளையர் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால், பழைய பில்லில் உள்ள எண்ணுக்குப் பேசி உறுதி செய்த பிறகே பணம் போக வேண்டும். அந்த மெயிலில் உள்ள எண்ணுக்குப் பேசினால் மோசடிக்காரரே "ஆமாம்" என்பார்.

சாவிக்கொத்து:
பணத்துக்குச் சொன்னது கணினிக்கும் பொருந்தும். முதலில் ஒரே தாளில் எழுதுங்கள்: இணையதள முகவரி, மெயில் நிர்வாகக் கணக்கு, வாடிக்கையாளர் பேசும் வாட்ஸ்அப் எண், விளம்பரப் பக்கம் எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன? ஊழியரின் சொந்த மெயிலிலோ சிம்மிலோ இருந்தால் அவர் போகும்போது கூடவே போய்விடும். இதை இந்த வாரமே மாற்றுங்கள், கையேடு பிறகு வரட்டும்.

ஒருவர் விலகினால் வரிசை முக்கியம். முதலில் மெயில், ஏனென்றால் மற்ற கடவுச்சொற்களை மீட்கும் இணைப்பு அங்கேதான் வரும். கடவுச்சொல்லை மாற்றியதோடு நிறுத்தாமல் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். பழைய போனில் திறந்திருக்கும் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம். மெயில் பெட்டியை அழிக்காதீர்கள், உங்களுக்கு வருமாறு திருப்பிவிடுங்கள்.

மாதிரிக் கையேட்டில் "90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல் மாற்ற வேண்டும்" என்று இருந்தால் அடித்துவிடுங்கள். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017 வழிகாட்டுதலிலேயே காரணமின்றிக் காலமுறையில் மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. கட்டாயப்படுத்தினால் கடைசி எண் 1 என்பது 2 ஆகும், அவ்வளவுதான். நீளமான, இடத்துக்கு இடம் வேறான கடவுச்சொல்லும் இரண்டு படி உள்நுழைவும் போதும்.

பேக்அப்: 3 நகல், 2 வகைச் சாதனம், 1 வெளியிடத்தில். தானாக ஒத்திசையும் கிளவுட் கோப்புறையை பேக்அப் என்று நம்பாதீர்கள், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) பூட்டிய கோப்பும் அதில் ஒத்திசைந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள்.

புதுமுதலாளி:
நன்றி. விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை பற்றியும் சொல்லுங்கள். இன்னொன்று, இதையெல்லாம் கொண்டுவந்தால் கணக்காளர் "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்பாரே?

தொழிலுறவு:
வார்த்தையில் கவனம் வேண்டும். "பணிநீக்கம் செய்யப்படும்" என்று எழுதினால் உங்கள் கையை நீங்களே கட்டிக்கொள்கிறீர்கள். "செய்யப்படலாம்" என்று எழுதுங்கள். அதற்காக ஒரே தவறுக்கு ஒருவருக்கு எச்சரிக்கை, இன்னொருவருக்கு நீக்கம் என்று போனால் பாகுபாடு என்ற புகார் வரும்.

பாலியல் தொல்லை உள்ளிட்ட புகார்களுக்கு இரண்டு பேரைக் குறிப்பிடுங்கள், அதில் ஒருவர் நேரடி மேலாளராக இருக்கக்கூடாது. புகார் உங்கள் மீதே என்றால் யாரிடம் போவது? அதற்கு வெளியாள் ஒருவர் வேண்டும். வேலைநேரமும் கூடுதல் நேரமும் அன்றன்றே பதிவாக வேண்டும். பதிவு இல்லாவிட்டால் ஊழியர் சொல்லும் மணிக்கணக்கை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்ற வரியைச் சேர்க்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைக் கேளுங்கள். பல நாடுகளில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. சட்டம் தரும் உரிமையைக் குறைக்கும் விதிக்குக் கையெழுத்து இருந்தாலும் செல்லாது. வழக்கறிஞரிடம் முழுவதையும் கொடுக்க வேண்டியதில்லை. ஊதியம், விடுப்பு, நீக்கம் ஆகிய மூன்று பகுதிகளைக் கொடுத்தால் போதும்.

ஊழியர் படிக்கும் மொழியில் எழுதி, தேதியும் பதிப்பு எண்ணும் போட்டு, திருத்தும்போதெல்லாம் புதிதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

பேரேடு:
கணக்காளர் விஷயம்: எல்லாம் ஒருவர் கையில் இருக்கும்போது பணம் குறைந்தால் பழி அவர் மேல் மட்டும்தான் விழும், தான் எடுக்கவில்லை என்று காட்டவும் அவரிடம் எதுவும் இருக்காது. இன்னொருவர் சரிபார்த்த கையெழுத்து அவருக்கும் சாட்சி. இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். கூடவே, பெட்டியிலிருந்து நீங்கள் எடுப்பதற்கும் வவுச்சர் போடுங்கள். முதலாளி சொல்லாமல் எடுக்கும் பெட்டியில் குறைவது அவர் எடுத்ததா, திருட்டா என்று எந்தச் சரிபார்ப்பாலும் பிரிக்க முடியாது.